விரிவுரையாளரா, வேலையிடத்து மூத்தவரா, ரொறன்ரோ அண்ணாவா? பிள்ளையும் வேலையும் உள்ள மாணவருக்கு எந்த வழிகாட்டி பொருந்தும்

பிள்ளையைப் பார்த்துக்கொண்டோ, படுக்கையில் இருக்கும் தாய் தகப்பனைப் பராமரித்துக்கொண்டோ, வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தொழில் விசயத்தில் யாரை வழிகாட்டியாக வைத்துக்கொள்வது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் நன்றாகப் பழகும் விரிவுரையாளர் ஒருவர் இருப்பார். வேலைசெய்யும் இடத்தில் பழம்தின்று கொட்டைபோட்ட ஒருவர் இருப்பார். பழைய மாணவர் சங்கத்துக்குள்ளால் அறிமுகமான ரொறன்ரோ அண்ணா ஒருவர் "என்ன உதவி எண்டாலும் கேளும்" என்று சொல்லியிருப்பார். எல்லாரிடமும் ஓட நேரமில்லை. ஒருவரை, மிஞ்சினால் இருவரைத்தான் தெரிவுசெய்யலாம்.

துறையில் ஆகப் பெரிய ஆளைப் பிடி என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். வீட்டுப் பொறுப்பு இல்லாத மாணவருக்கு அது சரிவரலாம். உங்களுக்கு வேறு கணக்கு. இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, மறுநாள் சந்திப்புக்குப் போக முடியாமற் போனால் அந்த ஏற்பாடு நிற்குமா, அறுந்துபோகுமா என்பதை முதலில் பாருங்கள். ஆளின் பெயரும் பதவியும் அதற்குப் பிறகு.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: சந்திப்புத் தவறினால் தாங்குமா? நேரில், குறித்த நாளில், குறித்த மணிக்கு என்று கட்டிய ஏற்பாடு இரண்டு தரம் தவறினாலே சங்கடமாகி நின்றுவிடும். குரல் பதிவிலும் மின்னஞ்சலிலும் ஓடுவது மூன்று கிழமை இடைவெளிக்குப் பிறகும் விட்ட இடத்தில் தொடரும்.

இரண்டாவது, அவர் எதைத் தரக்கூடியவர்? வழிகாட்டி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. சிபாரிசுக் கடிதத்துக்கும் பயிற்சிப் பதிவேட்டுக்கும் கையெழுத்து வைப்பது ஒன்று. வேலை தரக்கூடியவர்களிடம் உங்களை அறிமுகப்படுத்துவது இன்னொன்று. இந்தத் துறையில் ஐந்து வருடத்தில் எங்கே நிற்கலாம், அதற்கு எந்தப் பரீட்சை, எந்தத் திறமை வேண்டும் என்று சொல்லித் தருவது மூன்றாவது. மூன்றையும் ஒரே ஆள் செய்வது அரிது. உங்களுக்கு இந்த வருடம் எது தேவை என்று தெரியாமல் ஆளைத் தேடினால் நல்ல மனிசர் ஒருவர் கிடைப்பார், ஆனால் காரியம் நடக்காது.

மூன்றாவது, கதை வெளியே போகுமா? யாழ்ப்பாணம் சின்ன இடம். வேலையை விட யோசிக்கிறீர்கள், வீட்டில் காசுப் பிரச்சினை, இரண்டாவது பிள்ளைக்கு எதிர்பார்த்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் இரண்டு பேரைத் தாண்டினால் உங்கள் முகாமையாளரின் காதுக்குப் போய்விடும்.

கடைசி அளவுகோல், கண்ணில் படாத செலவு. பஸ் காசைவிட, அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் பெரிய செலவு. நன்றிக்கடனும் செலவுதான். அவருடைய வீட்டுக் கொண்டாட்டம், அவர் நடத்தும் கருத்தரங்கு, அவர் கேட்கும் சின்னச் சின்ன வேலை எதற்கும் இல்லை என்று சொல்ல முடியாத நிலை வரும்.

| தெரிவு | சந்திப்புத் தவறினால் | எதற்கு உதவும் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| விரிவுரையாளர் | பாதி தாங்கும் | கையெழுத்து, வரவுப் பிரச்சினை, ஆய்வு | பகல் நேரம், ஆள் மாறிப்போவது |
| வேலையிடத்து மூத்தவர் | தாங்கும், தினமும் காண்பதால் | அறிமுகம், பயிற்சிப் பதிவு, டியூட்டி மாற்றம் | இரகசியம், கூலியில்லா மேலதிக வேலை |
| வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர் | நன்றாகத் தாங்கும் | வழி சொல்ல, துறை மாற | இரவு நித்திரை, ஊருக்குப் பொருந்தாத ஆலோசனை |
| இரண்டு படி முன்னே போனவர்களின் சின்னக் குழு | மிக நன்றாகத் தாங்கும் | அன்றாடச் சமாளிப்பு, பிள்ளை பார்ப்பு | அறிமுகம் கிடைப்பது குறைவு |

## விரிவுரையாளர்

கம்பஸிலோ குருநகர் உயர் தொழில்நுட்ப நிறுவகத்திலோ (ஏ.ரி.ஐ.) முழுநேரமாகப் படிக்கிறீர்கள், கைக்குழந்தை இருக்கிறது என்றால் விரிவுரையாளர்தான் முதலாவது ஆள். காரணம் தொழில் ஆலோசனை அல்ல, வரவு. பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு கேட்கும் பாடங்களில், 15 வகுப்பில் நான்கைத் தவறவிட்டாலே கோட்டுக்குக் கீழே போய்விடுவீர்கள். கணக்குப் பாருங்கள்: 15ல் 11 என்றால் 73 வீதம். பிள்ளையின் ஒரு கிழமைக் காய்ச்சலும் ஒரு கிளினிக் நாளும் போதும்.

ஆகவே கதைக்க வேண்டியது செமஸ்டரின் முதல் இரண்டு கிழமைக்குள். தவறவிட்ட பிறகு சொல்வது சாட்டுச் சொல்வதாகத்தான் தெரியும். மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளையின் வருத்தத்துக்கு எடுத்த மருத்துவச் சான்றிதழ் ஏற்கப்படுமா, அல்லது எனக்கு வருத்தம் என்றால் மட்டுமா? தவறிய ஆய்வுகூட வகுப்பை மற்றக் குழுவோடு செய்யலாமா? குழு வேலையில் சனி பின்னேரச் சந்திப்புக்குப் பதிலாக என் பங்கை எழுத்தில் தரலாமா? பதில் கிடைத்ததும் அன்றே ஒரு மின்னஞ்சலில் "சேர், இன்று நீங்கள் சொன்னது இப்படி விளங்கிக்கொண்டேன்" என்று எழுதி வையுங்கள். வாயால் சொன்னது பரீட்சை மண்டபத்து வாசலில் நிற்காது.

சிபாரிசுக் கடிதத்துக்கும் இவர்தான். "சேர், நாளைக்குக் கடைசி நாள்" என்று போய் நின்றால் எல்லாருக்கும் எழுதும் பொதுக் கடிதம்தான் கிடைக்கும். மூன்று கிழமைக்கு முன்பே, வேலை விளம்பரம், உங்கள் சுயவிவரம், பெறுபேறு, அவருடைய பாடத்தில் நீங்கள் செய்த வேலை பற்றி ஐந்து வரி, நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அந்த ஐந்து வரிதான் கடிதத்துக்கு உயிர் கொடுக்கும்.

குறைகள் இரண்டு. பட்டம் முடித்த கையோடு விரிவுரையாளரானவருக்கு வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ ஆளெடுக்கும் விதம் தெரிந்திருக்க நியாயமில்லை, அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் சரியில்லை. மற்றது, தற்காலிக விரிவுரையாளரின் ஒப்பந்தம் முடியும், நிரந்தரமானவர் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போவார். மூன்றாம் வருடத்தில் ஒருவரைத் தெரிவுசெய்யும்போது, நீங்கள் முடிக்கும்வரை அவர் இருப்பாரா என்று கேட்பதில் பிழையில்லை. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில். யாழ்ப்பாணத்தில் வீடும் பிள்ளையும் இருக்கிறவர் அங்கே கதைப்பதற்காக மட்டும் தனியாகப் போவது கட்டுப்படியாகாது. வகுப்பு நாளிலேயே 15 நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

கொக்குவிலில் உள்ள திறந்த பல்கலைக்கழகப் பிராந்திய நிலையத்தின் மாணவர்களுக்கு இந்தத் தெரிவு இன்னும் பலவீனம். பாடத்துக்குப் பொறுப்பானவர்களில் அனேகர் நாவலையில் உள்ள தலைமை வளாகத்தில் இருக்கிறார்கள், தொடர்பு மின்னஞ்சலோடு நிற்கும். ஒப்படைத் திகதி, பரீட்சைத் தகுதி பற்றி அவர்களிடம் கேளுங்கள். தொழிலுக்கு வேறு ஆளைத் தேடுங்கள்.

## வேலையிடத்து மூத்தவர்

தாதியாக வேலைசெய்துகொண்டு திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் படிக்கும் ஒருவரை எடுங்கள். மாதாந்த டியூட்டி ரோஸ்டர் (யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல்) போடப்படும்போது அவருடைய பரீட்சை நாளும் பிள்ளையின் தடுப்பூசி நாளும் மேசையில் இருக்க வேண்டும். அதை ரொறன்ரோ அண்ணாவால் செய்ய முடியாது, விரிவுரையாளராலும் முடியாது. ரோஸ்டர் போடுகிறவரோடு நெருக்கமான மூத்தவர் ஒருவரால் முடியும். கணக்காளர் துறையிலும் அப்படித்தான்: பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பயிற்சிப் பதிவேட்டில் மேற்பார்வை உறுப்பினர் ஒப்பமிட வேண்டும், அவர் உங்கள் அலுவலகத்தில்தான் இருப்பார். இப்படியான துறைகளில் இந்தத் தெரிவைத் தவிர்க்க வழியில்லை.

ஆனால் ஆளைத் தெரிவுசெய்வதில் ஒரு கண்டிப்பு வேண்டும். உங்கள் வருடாந்த மதிப்பீட்டை எழுதுகிறவர் உங்கள் வழிகாட்டியாக இருக்கக் கூடாது. "இந்த வேலை பாரமாக இருக்கிறது" என்று மனந்திறந்து சொன்ன வசனம், பதவியுயர்வு பற்றிப் பேசும் நாளில் "பாவம், அவவுக்கு வீட்டில கஷ்டம், இதைக் குடுத்துக் கரைச்சல்படுத்தக் கூடாது" என்று திரும்பி வரும். சொல்கிறவர் இரக்கத்தில்தான் சொல்வார். இழப்பு உங்களுக்கு. அதே நிறுவனத்தின் வேறு கிளை, அதே வைத்தியசாலையின் வேறு விடுதி (வார்ட்), வேறு பிரிவு, அங்கே உள்ளவரைப் பாருங்கள்.

அடுத்து நடக்கும் பிழை, "உமக்கு நல்ல அனுபவம்" என்ற பெயரில் வந்து சேரும் மேலதிக வேலை. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலைநேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேலே கேட்கப்படுவது மேலதிக நேரம். வழிகாட்டலுக்குப் பதிலாகக் கூலியில்லாமல் அறிக்கை தட்டச்சுச் செய்வது வழிகாட்டல் அல்ல. வேலையை ஏற்பதானால் அதை உங்கள் சுயவிவரத்தில் என்ன வசனமாக எழுதலாம் என்று முதலே கேளுங்கள். எழுத ஒரு வசனம்கூட வராவிட்டால் மறுத்துவிடுங்கள்.

இளம் பெண் ஒருவர், மூத்த ஆண் அதிகாரி ஒருவரை அலுவலகத்துக்கு வெளியே தனியாகச் சந்தித்தால் ஊர் என்ன கதைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கதையைச் சமாளிக்கும் சக்தியையும் உங்களிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கதவு திறந்திருக்கும் அலுவலக அறை, மதிய இடைவேளை, யாழ் பொது நூலகம் போன்ற பொது இடம் என்று வைத்துக்கொண்டால் அந்தச் செலவு குறையும்.

## வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்

துறை மாற நினைக்கிறவர்களுக்கும், வீட்டிலிருந்தே கணினியில் வேலைசெய்ய வழி தேடுகிறவர்களுக்கும், வீட்டை விட்டு வெளிக்கிட முடியாத பராமரிப்பாளர்களுக்கும் என் தெரிவு இதுதான். தகப்பனுக்கு டயலிசிஸ் நடக்கிறது என்று வையுங்கள். கிழமையில் இரண்டு மூன்று நாள், ஒருதரம் நாலு மணித்தியாலமளவில், யாழ் போதனா வைத்தியசாலையில் வெளியே காத்திருக்க வேண்டும். அங்கே வாங்கில் இருந்து சூமில் கதைக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வியை எழுதி அனுப்பலாம், வந்த குரல் பதிவை ஹெட்செட்டில் இரண்டு தரம் கேட்கலாம், திருத்திய சுயவிவரத்தைப் போனிலேயே திரும்ப அனுப்பலாம். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவான் வந்து பஸ் பிடிக்கிற மாணவருக்கும் இதே கதைதான்.

நேரத்தை ஒழுங்காகக் கணக்கிட்டால்தான் இது ஓடும். இலங்கையில் மணிக்கூட்டை மாற்றுவதில்லை, அங்கே மாற்றுகிறார்கள். பிள்ளை நித்திரையான பிறகு இங்கே இரவு 9.30 என்றால் ரொறன்ரோவில் கோடையில் நண்பகல் 12, குளிர்காலத்தில் முற்பகல் 11. கோடையில் அவருடைய மதிய இடைவேளைக்குச் சரியாக விழும். லண்டன்காரருக்கு அதே நேரம் கோடையில் பின்னேரம் 5, குளிர்காலத்தில் 4. அவர் இன்னும் வேலையில் இருப்பார், ஆகவே சனி ஞாயிறு. சிட்னி எதிர்ப்பக்கம்: இங்கே விடிய 5.30க்கு அங்கே காலை 10, அவர்களுடைய கோடையில் 11. பிள்ளை எழும்ப முன் ஒரு மணி நேரம் படிக்கிற பழக்கம் உள்ளவருக்கு சிட்னிதான் வசதி. நவம்பர் முதல் ஞாயிறும் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ரொறன்ரோவில் மணி மாறும். பிரித்தானியாவில் ஒக்டோபர், மார்ச் மாதங்களின் கடைசி ஞாயிறு. அந்தக் கிழமைகளில் ஒருவர் காத்திருக்க மற்றவர் வராமல் விடுவது வழக்கமாக நடப்பது. "உங்கட நேரம் 12, எங்கட நேரம் 9.30" என்று இரண்டையும் எழுதி அனுப்பினால் தப்பலாம்.

ஒரு மணி நேர வீடியோ அழைப்பு அரை ஜிபிக்கு மேல் டேற்றா விழுங்கும். வட்ஸ்அப் குரல் அழைப்புக்கு அதில் பத்தில் ஒன்றும் போகாது. முகத்தைப் பார்த்துக் கதைத்தால்தான் மரியாதை என்று யாரும் நினைப்பதில்லை, முதல் அழைப்புக்கு மட்டும் வீடியோ போதும்.

இங்கே பெரிய அபாயம், அன்போடு வரும் பொருந்தாத ஆலோசனை. 1990களில் ஊரை விட்டுப் போனவர் மனதில் இருக்கும் யாழ்ப்பாணம் வேறு. "வேலையை விட்டிட்டு முழுநேரமாப் படியும்", "கடன் எடுத்து மாஸ்டர்ஸ் செய்யும்", "இங்க வந்து சேரும், மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்பார்கள். அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. ஆகவே முதல் அழைப்பிலேயே மூன்று எல்லைகளைச் சொல்லிவிடுங்கள்: இத்தனை வருடத்துக்கு ஊரை விட்டு அசைய முடியாது, மாத வருமானம் இதற்குக் கீழே இறங்கக் கூடாது, கிழமைக்கு இத்தனை மணித்தியாலம்தான் கையில் இருக்கிறது. இந்த மூன்றுக்குள் என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். காசு உதவியையும் இதோடு கலக்க வேண்டாம். கட்டணம் கட்ட ஒருதரம் காசு வாங்கினால், அதற்குப் பிறகு அவருடைய ஆலோசனையை மறுப்பது கஷ்டம்.

தகவல் தொழில்நுட்பம் என்றால் யாழ் ஐ.ரி. ஹப் போன்ற உள்ளூர் அமைப்புகளின் ஊடாகவும் வெளிநாட்டு ஆட்களைப் பிடிக்கலாம். மற்றத் துறைகளுக்குப் பழைய மாணவர் சங்கம்தான் வழி. சங்கத்தின் பொதுக் குழுவில் கேட்காமல், செயலாளரிடம் "இந்தத் துறையில் ஒருவரின் பெயர்" என்று தனியாகக் கேளுங்கள்.

## இரண்டு படி முன்னே போனவர்களின் சின்னக் குழு

மரியாதை குறைவாகக் கிடைக்கும் தெரிவு இது. அதே பட்டத்தை, அதே மாதிரிப் பிள்ளையோடு, இரண்டு மூன்று வருடத்துக்கு முன் முடித்த ஒரு அக்காவும் இப்போது படிக்கும் மூன்று நாலு பேரும் சேர்ந்த வட்ஸ்அப் குழு. எந்த ஒப்படையை முதலில் செய்தால் மற்றது இலேசாகும், எந்தப் பிரிவில் பால் கொடுக்கும் நேரம் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள் என்ற தகவல் வேறெங்கும் கிடைக்காது. பரீட்சை நாட்களில் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்ப்பது, எந்தப் பேராசிரியரும் தரமுடியாத உதவி.

ஐந்து பேர் அளவு சரி, எட்டைத் தாண்டினால் அரைவாசிப் பேர் வாசிப்பதோடு நின்றுவிடுவார்கள். முன்னே போன ஆள் ஒருவர்கூட இல்லாமல் எல்லாரும் ஒரே படியில் நின்றால் குழு புலம்பல் குழுவாகும். மாதம் ஒருவர் ஒரு இலக்கை எழுதி, மாத முடிவில் அதற்கான அத்தாட்சியை, அனுப்பிய விண்ணப்பத்தின் படத்தையாவது போட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். இந்தக் குழுவால் வேலை எடுத்துத் தர முடியாது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

## காசு கொடுத்து எடுக்கும் வழிகாட்டல்

சுயவிவரம் திருத்த, நேர்முகப் பரீட்சைக்குப் பயிற்சி எடுக்க, ஒருதரம் காசு கொடுப்பது பரவாயில்லை. மாதக் கட்டணத்துக்கு வழிகாட்டல், கூடவே வெளிநாட்டு வேலைக்கு உத்தரவாதம் என்றால் விலகிவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொன்னதும் கதை மாறினால் அதுவே பதில்.

## உங்கள் நிலைக்கு எது

கைக்குழந்தையோடு முழுநேரப் படிப்பு: விரிவுரையாளரும் குழுவும். வேலையும் திறந்த பல்கலைக்கழகமும்: வேறு பிரிவில் உள்ள மூத்தவர். கணக்காளர், தாதியர், ஆசிரியர் போன்ற ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களில் வேலையிடத்தைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. வருத்தக்காரரைப் பராமரிக்கிறவர், எப்போது ஓய்வு என்றே சொல்ல முடியாதவர்: வெளிநாட்டுப் பழைய மாணவர், குரல் பதிவில். இரண்டு பேர் வைப்பதானால் ஒருவர் பக்கத்தில், ஒருவர் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் உள்ளவரிடம் கையெழுத்தும் ரோஸ்டரும், தூரத்தில் உள்ளவரிடம் வேலையை விட நினைப்பது போன்ற கதைகளும்.

## கேட்பது எப்படி, தவறினால் எழுதுவது எப்படி

"எனக்கு வழிகாட்டியாக இருப்பீங்களா" என்று கேட்டால் எவரும் பயப்படுவார். முடிவில்லாத பொறுப்பு மாதிரித் தெரியும். அளவோடு கேளுங்கள்:

"வணக்கம் அக்கா. நான் திறந்த பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் மூன்றாம் வருடம். பகலில் கணக்குப் பதிவாளராக வேலை, மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறார். வங்கிக் கடன் பிரிவுக்கு மாறுவது பற்றி உங்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஞாயிறு இரவு 9.30க்கு 20 நிமிடம் கதைக்கலாமா? வசதியில்லாவிட்டால் குரல் பதிவில் பதில் போட்டாலும் காணும்."

அவர் சம்மதித்து முதல் கதை பயனாக இருந்தால், மாதம் ஒருதரம், மூன்று மாதத்துக்கு என்று கேளுங்கள். முடிவுத் திகதி இருந்தால் இருவருக்கும் இலகு. கேள்விகளை ஒரு நாள் முன்பே அனுப்புங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் நகரத்துக்குள் நேரடிச் சந்திப்பு எதையும் வைக்காதீர்கள், வீதி மூடலிலேயே நேரம் போய்விடும்.

சந்திப்புத் தவறினால் நீளமான மன்னிப்பு எழுதினால் மற்றவர் ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்குப் போய்விடுவார். மூன்று வரி போதும்: "சேர், நேற்றுப் பிள்ளைக்குக் காய்ச்சல், வரமுடியவில்லை. கேட்க இருந்தது இதுதான்:" என்று எழுதி, கேள்வியை அதிலேயே போட்டுவிடுங்கள். "நேரம் கிடைக்கும்போது பதில் போட்டால் காணும், அடுத்த மாதம் அதே ஞாயிறு கதைப்போம்." கேள்வியில்லாமல் மன்னிப்பு மட்டும் அனுப்புகிறவர்கள்தான் இரண்டாம் தரம் தவறியதோடு காணாமற் போகிறார்கள்.